எடிட்டர் தொலைத்த மேற்கோள்குறி

கரமனை,
திருவனந்தபுரம்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த பைதான் கோப்பின் வண்ண அச்சுப்படியும் கிடைத்தன. திருவிதாங்கூர் தொல்லியல் வரிசைத் தொகுதிகளில் உள்ள தமிழ்க் கல்வெட்டுகளைத் தட்டச்சு செய்து, அவற்றில் வரும் ஊர்ப்பெயர்களை நிரல் எழுதிப் பிரித்தெடுக்கிறீர்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. டி. ஏ. கோபிநாத ராவ் இதே நகரத்தில் தொடங்கிவைத்த வரிசை அது. நூறாண்டு கடந்த பிறகு நாகர்கோவிலில் ஒரு மாணவி அதைக் கணினியில் ஏற்றுகிறார் என்றால், கரமனையில் தமிழ் பேசி வளர்ந்த எவருக்கும் அது சொந்தக் காரியம் மாதிரிதான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோப்பின் நடுவில் ஒரு வரிக்குப் பிறகு எல்லாமே ஒரே நிறமாகிவிடுகிறது, ஆனால் நிரல் சரியாகவே ஓடுகிறது, பிழை உங்களுடையதா எடிட்டருடையதா என்று கேட்டிருந்தீர்கள். எடிட்டருடையது. நிரலில் ஒரு எழுத்தைக்கூட மாற்றாதீர்கள். உங்களுக்கு மட்டும் பதில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் இதே தொல்லையில் மாட்டிக்கொண்டு, நிறம் சரியாக வரட்டும் என்பதற்காகச் சரியான நிரலை வளைத்துவிடும் இளைஞர்களை நான் நிறையப் பார்க்கிறேன். வரிக்கு அடியில் ஒரு கமென்ட் போட்டு அதில் தனியாக ஒரு மூடும் குறி வைப்பார்கள், எடிட்டர் அதைக் கண்டு சமாதானமாகிவிடும் என்று. எடிட்டர் சமாதானமாகும், உண்மைதான். ஆறு மாதம் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவருக்கு அந்தக் குறி எதற்கு என்றே புரியாது. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

(ஒரு சின்னக் குறிப்பு: இந்தப் பக்கத்தில் ஆர் என்று நான் போடும் இடத்தில் உங்கள் கோப்பில் அந்த ஆங்கிலச் சிற்றெழுத்து இருக்கும்.)

முதலில் உங்கள் வேலைக்கு, மேற்கோளுக்கு முன்னால் ஆர் போட்டு எழுதும் ரா ஸ்ட்ரிங் ஏன் தேவைப்படுகிறது என்பதைப் பார்ப்போம். கல்வெட்டுப் பதிப்புகளில் தெளிவாகத் தெரியாத எழுத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவது வழக்கம். பதிப்பாசிரியர் தாமே சேர்த்த எழுத்துக்கு உடுக்குறி வைப்பார். அதனால் தட்டச்சு செய்த பாடத்தில் [ ] * மூன்றும் இறைந்து கிடக்கும். அவற்றைத் தேட ரெகுலர் எக்ஸ்பிரஷன் எழுதப் போனால், அங்கே இந்த மூன்று குறிகளுக்கும் வேறு பொருள் உண்டு. "இது வெறும் அடைப்புக்குறிதான்" என்று சொல்ல முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் போட வேண்டும்: \[\*\]. ஆனால் பேக்ஸ்லாஷுக்குப் பைதானின் சாதாரண ஸ்ட்ரிங்கிலும் தனி வேலை இருக்கிறது. ஒரே குறியை முதலில் பைதான் படிக்கிறது, மிஞ்சியதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் படிக்கிறது. அதனால்தான் ஒரே ஒரு பேக்ஸ்லாஷைத் தேடச் சாதாரண ஸ்ட்ரிங்கில் நான்கு பேக்ஸ்லாஷ் எழுத வேண்டியிருக்கிறது. ரா ஸ்ட்ரிங்கில் இரண்டு போதும்.

ஆர் போடாமல் '\[' என்று எழுதினாலும் இன்றைக்கு ஓடும். அப்படி ஒரு எஸ்கேப் பைதானில் கிடையாது என்பதால் பேக்ஸ்லாஷை அப்படியே விட்டுவிடும். ஆனால் அந்தச் சலுகை போய்க்கொண்டிருக்கிறது. பைதான் 3.6-இல் அதற்கு எச்சரிக்கை வைத்தார்கள், பெரும்பாலோர் கண்ணில் அது படவில்லை. 2023-இல் வந்த 3.12-இல் அதே எச்சரிக்கை எல்லார் கண்ணிலும் படும்படி திரையிலேயே வருகிறது. பின்னொரு பதிப்பில் அது பிழையாகவே ஆகும் என்றும் சொல்லிவைத்திருக்கிறார்கள். ஆக, நீங்கள் ஆர் போட்டது சரி, எல்லா இடத்திலும் போட்டது இன்னும் சரி.

இனி நிறம். எடிட்டர் உங்கள் நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை, பைதானைக் கூப்பிட்டு இந்த ஸ்ட்ரிங் எங்கே முடிகிறது என்று கேட்பதும் பெரும்பாலும் இல்லை. அதனிடம் ஒரு விதிக்கோப்பு இருக்கிறது. எது கண்ணில் பட்டால் ஸ்ட்ரிங் தொடங்கும், எது பட்டால் முடியும் என்று யாரோ ஒருவர் எழுதிவைத்த பட்டியல் அது. தட்டச்சு செய்யச் செய்ய வண்ணம் மாற்றும் எடிட்டர்களில் முன்னோடியான லெக்ஸ் 1985-இல் வந்தது. ஐபிஎம்மில் வேலை பார்த்த மைக் கௌலிஷா ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியைக் கணினிக்குக் கொண்டுவரும் வேலைக்காக அதை எழுதினார். எந்தத் துண்டு சொல், எந்தத் துண்டு பொருள், எது மேற்கோள் என்று அகராதிக்காரர்களுக்குக் கண்ணால் பிரித்துக் காட்டுவதுதான் அதன் வேலை. நீங்கள் கல்வெட்டுப் பாடத்தை வைத்துக்கொண்டு திண்டாடுகிற அதே திண்டாட்டத்துக்குப் பிறந்த தொழில்நுட்பம் என்று சொல்வது மிகையில்லை.

இன்று புழக்கத்தில் இருக்கும் எடிட்டர்களில் பல, மேக் கணினிக்காக 2004-இல் வந்த டெக்ஸ்ட்மேட் வகுத்த விதிமுறையைப் பின்பற்றுகின்றன. அதில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு தொடக்கம், ஒரு முடிவு. விதிக்குள் விதி இருக்கலாம். எடிட்டர் கோப்பை வரிவரியாகப் படித்து, ஒரு வரி முடியும்போது "இந்தந்த விதிகள் இன்னும் மூடவில்லை" என்று குறித்துவைத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போகிறது. மூடாத விதி ஒன்று தங்கிவிட்டால் அதன் முடிவு வரும்வரை, வராவிட்டால் கோப்பின் கடைசி வரைக்கும், அதன் நிறம் ஓடும். உங்கள் அச்சுப்படியில் நடந்திருப்பது அதுதான்.

எந்த வரி என்று தேடினேன். தமிழ் எழுத்துகளின் தொகுப்பை ஒரு மாறியில் வைத்துக்கொண்டு, அதன் இரு பக்கமும் அடைப்புக்குறியை ஒட்டி வடிவத்தைக் கட்டுகிறீர்கள். முதல் துண்டு ஆர்'[' என்று ஒரு வரியில் இருக்கிறது. மூடும் அடைப்புக்குறி அதற்குப் பிறகு, லூப்பெல்லாம் முடிந்து, வேறொரு வரியில் \] என்ற வடிவத்துக்குப் பக்கத்தில் வருகிறது. பைதானுக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை: மேற்கோள், அடைப்புக்குறி, மேற்கோள், ஸ்ட்ரிங் முடிந்தது. உங்கள் எடிட்டரின் விதிக்கோப்போ ஆர் என்ற எழுத்தைக் கண்டதும் "இதற்குள் இருப்பது ரெகுலர் எக்ஸ்பிரஷன்" என்று முடிவு கட்டி, அதற்கான உள்விதிகளுக்குள் நுழைந்துவிடுகிறது. [ வந்ததும் எழுத்துத் தொகுதி விதி திறக்கிறது. அந்த விதிக்கு ] ஒன்றுதான் முடிவாகத் தெரியும். அடுத்து வருவது மேற்கோள்குறி. எழுத்துத் தொகுதிக்குள் மேற்கோள்குறியும் இருக்கலாமே என்று அதை விழுங்கிவிட்டு மேலே போகிறது. கூட்டல் குறி, மாறியின் பெயர், அடுத்த வரி, அதற்கடுத்த வரி எல்லாம் அதன் வயிற்றுக்குள் போகின்றன.

திருத்தம் எங்கே என்று இப்போது தெரிந்திருக்கும். உள்விதி ஒவ்வொன்றுக்கும் இரண்டு முடிவு வேண்டும். ஒன்று அதன் சொந்த முடிவு. இன்னொன்று, வெளியே திறந்திருக்கும் ஸ்ட்ரிங்கின் மேற்கோள் எதிரே வந்தால், அதைத் தொடாமல் எட்டிப் பார்த்துவிட்டுத் தானே மூடிக்கொள்வது. தொடாமல் என்பது முக்கியம். உள்விதி மேற்கோளைத் தின்றுவிட்டால் வெளிவிதிக்கு மூட எதுவும் இருக்காது, நிறம் மறுபடி வழியும். ரெகுலர் எக்ஸ்பிரஷனில் இந்த எட்டிப் பார்த்தலுக்கு லுக்அஹெட் என்று பெயர், நீங்களே அதைப் பயன்படுத்தியும் இருக்கிறீர்கள்.

இதில் வேலை கூடுதல். பைதானில் ஸ்ட்ரிங் நான்கு வகையாகத் திறக்கலாம்: ஒற்றை மேற்கோள், இரட்டை மேற்கோள், இரண்டிலும் மூன்று மூன்றாக. எந்தக் குறியை எட்டிப் பார்ப்பது என்பது வகைக்கு வகை மாறும். அதனால் உள்விதிகள் அத்தனையையும் நான்கு பிரதியாக எழுத வேண்டும். வீண்வேலை என்று தோன்றும், ஆனால் வேறு வழியில்லை. விஷுவல் ஸ்டுடியோ கோடு பைதானுக்கு எடுத்துக்கொண்ட மேஜிக்பைதான் விதிக்கோப்பைத் திறந்து பாருங்கள். ரெகுலர் எக்ஸ்பிரஷன் விதிகள் அப்படியே நான்கு தொகுப்பாக, ஒவ்வொன்றின் பெயரிலும் எந்த மேற்கோள் என்ற அடையாளத்தோடு வரிசையாக நிற்கும். அதை எழுதியவர்கள் உங்கள் பிரச்சினையை உங்களுக்கு முன்பே சந்தித்திருக்கிறார்கள். உங்கள் எடிட்டரின் விதிக்கோப்பில் அந்தக் காவல் இல்லை, அவ்வளவுதான்.

மேஜிக்பைதான் கோப்பில் இன்னொரு நல்ல முடிவும் இருக்கிறது. சிறிய ஆர் போட்டால் ரெகுலர் எக்ஸ்பிரஷனாக நிறம் தீட்டும். பெரிய ஆர் போட்டால் உள்ளே இருப்பதைப் பகுக்காமல் வெறும் ஸ்ட்ரிங்காக விட்டுவிடும். பைதானுக்கு இரண்டும் ஒன்றே. நிரலைச் சீராக்கும் பிளாக் என்ற கருவி ஸ்ட்ரிங்குக்கு முன்னால் வரும் மற்ற எழுத்துகளைச் சிற்றெழுத்தாக மாற்றும், பெரிய ஆரை மட்டும் தொடாது. ஆர்'[' மாதிரி பாதி வடிவங்களுக்குப் பெரிய ஆர் பொருத்தம்தான், ஏனென்றால் அது தனியாக ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனே அல்ல. ஆனால் உங்கள் எடிட்டருக்கு அந்த வேறுபாடு தெரிந்தால்தான் பலன். தெரியாவிட்டால் விதியைத்தான் திருத்த வேண்டும்.

இரண்டாவது காவலையும் சேர்த்துவிடுங்கள். மூன்று மேற்கோள் இல்லாத ஸ்ட்ரிங், வரி முனையில் பேக்ஸ்லாஷ் இருந்தாலொழிய, வரியைத் தாண்டாது. வரி முடிந்தால் விதியும் முடியட்டும். அந்த ஒரு நிபந்தனை இருந்திருந்தால் உங்கள் கோப்பில் ஒரு வரி மட்டும் தவறான நிறத்தில் இருந்திருக்கும், மற்றவை தப்பித்திருக்கும். இரவு பத்து மணிக்கு நிரலைப் படிக்கிறவருக்கு அந்த வித்தியாசம் பெரிது.

இந்த இடத்தில் புதிதாக விதி எழுதுகிறவர்கள் அநேகமாக எல்லாரும் விழும் குழி ஒன்று உண்டு, அதைப் பொறுமையாகச் சொல்ல விரும்புகிறேன். ரா ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷுக்கு வேலை இல்லை என்று கேள்விப்பட்டதும், "அப்படியானால் முதலில் வரும் மேற்கோளிலேயே ஸ்ட்ரிங் முடிகிறது" என்று எழுதிவிடுவார்கள். பைதானில் அது தவறு. ரா ஸ்ட்ரிங்கிலும் பேக்ஸ்லாஷ் தனக்கு அடுத்த மேற்கோளைக் காப்பாற்றும், அதே சமயம் தானும் ஸ்ட்ரிங்குக்குள் தங்கும். ஆர்'\'' என்பது இரண்டு எழுத்துள்ள ஸ்ட்ரிங்: ஒரு பேக்ஸ்லாஷ், ஒரு மேற்கோள். அதனால்தான் ஆர்'\' என்று எழுதினால் பைதான் ஏற்பதில்லை. மூடும் மேற்கோளைப் பேக்ஸ்லாஷ் பிடித்துக்கொண்டது, ஸ்ட்ரிங் மூடவே இல்லை. எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு மட்டும் பைதானில் சாதாரண ஸ்ட்ரிங்குக்கும் ரா ஸ்ட்ரிங்குக்கும் விதி ஒன்றுதான். பைதானோடு கூடவே வரும் ஐடில் எடிட்டரின் நிறம் தீட்டும் பகுதியைப் பார்த்தால் தெரியும், ஆர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஸ்ட்ரிங்கின் முடிவைக் கண்டுபிடிக்க ஒரே வடிவத்தைத்தான் வைத்திருக்கிறார்கள். எளிமையான, சரியான முடிவு.

இதை மனப்பாடம் செய்துகொண்டு சி ஷார்ப் பக்கம் போனால் அங்கே நேர்மாறாக இருக்கும். அங்கே @ போட்டுத் திறக்கும் ஸ்ட்ரிங்கில் பேக்ஸ்லாஷ் உண்மையிலேயே வெறும் எழுத்து. @"கல்வெட்டு\ஊர்கள்\" என்பது முழுமையான, செல்லுபடியாகும் ஸ்ட்ரிங். உள்ளே மேற்கோள் வேண்டுமானால் இரண்டு மேற்கோளைச் சேர்த்து எழுத வேண்டும். பைதான் பழக்கத்தில் விதி எழுதினால் கடைசிப் பேக்ஸ்லாஷ் மூடும் மேற்கோளை மறைத்துவிட்டது என்று எடிட்டர் நினைத்து, கீழே எல்லாவற்றையும் ஸ்ட்ரிங் நிறத்தில் முக்கிவிடும். ஒரு மொழிக்கு எழுதிய விதியை இன்னொரு மொழிக்கு நகல் எடுக்கும்போதுதான் இந்தத் தொல்லைகளில் பாதி பிறக்கின்றன. நகல் எடுப்பதற்கு முன் அந்த மொழியின் குறிப்பேட்டில் ஸ்ட்ரிங் பற்றிய பக்கத்தைப் படித்தே ஆக வேண்டும். அரை மணி நேரம்கூட ஆகாது.

கோ மொழியில் பின்மேற்கோள் ஒன்று திறக்கும், அடுத்தது மூடும், நடுவே எந்த விலக்கும் இல்லை. நிறம் தீட்டுவோருக்கு அது வரம். ரஸ்ட்டில் ஆருக்குப் பிறகு எத்தனை ஹேஷ் போட்டுத் திறந்தீர்களோ அத்தனை ஹேஷ் போட்டுத்தான் மூட வேண்டும்: ஆர்##"…"## என்று. 255 வரை போகலாம். 2011-இல் வந்த சி++ தரம் இன்னும் ஒரு படி மேலே போய், திறக்கும்போது நீங்களே ஒரு சிறு சொல்லை வைத்துக்கொள்ளலாம், 16 எழுத்துக்கு மிகாமல், அதே சொல் வந்தால்தான் மூடும் என்று வைத்தது. 2022-இல் வந்த சி ஷார்ப் 11-இலும் மூன்றோ அதற்கு மேலோ எத்தனை மேற்கோளில் திறந்தோமோ அத்தனையில் மூட வேண்டும். லுவாவில் அடைப்புக்குறிகளுக்கு நடுவே சமக்குறிகளை எண்ணுவார்கள். இவற்றுக்கெல்லாம் "முடிவுக் குறி இது" என்று விதிக்கோப்பில் நிலையாக எழுதிவைக்க முடியாது. திறந்தபோது பார்த்ததை நினைவில் வைத்து, மூடும்போது ஒப்பிட வேண்டும்.

டெக்ஸ்ட்மேட் விதிகளில் அதற்கு வழி இருக்கிறது: தொடக்கத்தில் பிடித்துவைத்த துண்டை முடிவு விதியில் எண் போட்டு மீண்டும் கூப்பிடலாம். விம் எடிட்டரிலும் தொடக்க வடிவத்தில் ஒரு பகுதியைத் தனிக்குறியோடு பிடித்து முடிவு வடிவத்துக்குக் கடத்தும் ஏற்பாடு உண்டு. புதிய எடிட்டர்கள் பல நாடும் ட்ரீ-சிட்டர் நிரலை மரமாகவே பகுத்துவிடுகிறது. அதில் ரஸ்ட், சி++ போன்ற மொழிகளின் ரா ஸ்ட்ரிங்குக்கு இலக்கணக் கோப்பு மட்டும் போதாமல், சி மொழியில் ஒரு ஸ்கேனரைத் தனியே எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். அந்த ஸ்கேனர் ஹேஷை எண்ணி வைத்துக்கொள்ளும், அல்லது அந்தச் சிறு சொல்லைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மரமாகப் பகுப்பதுதான் நல்ல வழி என்பது என் எண்ணம். வரிவரியாக ஊகிப்பதைவிட அது மொழியின் உண்மையான இலக்கணத்துக்கு நெருக்கம். ஆனால் உங்கள் எடிட்டர் பழைய முறையில் இருக்கும்வரை பழைய முறையைச் சரிசெய்வதிலும் குறைவில்லை.

விம் பயன்படுத்தும் உங்கள் தோழிக்கும் ஒரு வார்த்தை. அவர் கோப்பில் மேலிருந்து கீழே வந்தால் நிறம் சரியாக இருக்கிறது, நேராக நடுவில் குதித்தால் தவறாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய விதியில் பிழை இருக்க வேண்டியதில்லை. வேகத்துக்காக விம் கோப்பின் முதல் வரியிலிருந்து படிக்காமல், திரைக்குச் சற்று மேலிருந்து தொடங்கும். அந்த இடம் நீளமான மூன்று மேற்கோள் ஸ்ட்ரிங்கின் நடுவில் விழுந்தால் உள்ளே இருப்பது வெளியே என்றும், வெளியே இருப்பது உள்ளே என்றும் தோன்றும். சிண்டாக்ஸ் சிங்க் ஃப்ரம்ஸ்டார்ட் என்ற கட்டளை கொடுத்தால் முதல் வரியிலிருந்து படிக்கும். பெரிய கோப்பில் கொஞ்சம் மந்தமாகும், பரவாயில்லை.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. அச்சுப்படியைப் பார்த்தபோது நிறத்தைவிட என்னை அதிகம் கவலைப்பட வைத்தது அதுதான். ஊர்ப்பெயரைப் பிடிக்கப் பேக்ஸ்லாஷ்-டபிள்யூ, பிறகு ஒரு கூட்டல் குறி என்று எழுதியிருக்கிறீர்கள். நிறம் அழகாக, சரியாகவே விழுந்திருக்கிறது. ஆனால் பைதானின் உள்ளமைந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன், சொல்லுக்குரிய எழுத்து எது என்று பார்க்கும்போது உயிர்மெய்யின் துணைக்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகச் சேர்ப்பதில்லை. யுனிகோடில் அவை எழுத்து என்ற வகையில் இல்லாமல், ஒட்டுக்குறி என்ற வகையில் இருக்கின்றன. விளைவு என்ன? கரமனை என்ற பெயரைக் கொடுத்தால் ஐகாரம் உதிர்ந்து "கரமன" என்று வரும். திருவனந்தபுரம் ஐந்து துண்டாகும்: த, ர, வனந, தப, ரம. உங்கள் ஊர்ப்பட்டியலில் பாதி இப்படித்தான் சிதறியிருக்கும். எண்ணிக்கை மட்டும் பார்த்தால் தெரியாது, பெயர்களைக் கண்ணால் பார்த்தால்தான் தெரியும். உடனே பாருங்கள்.

சரிசெய்ய இரண்டு வழி. யுனிகோடில் தமிழுக்கென ஒதுக்கிய 128 இடங்களையும் ஒரு தொகுதியாகச் சதுர அடைப்புக்குறிக்குள் கொடுத்துவிடலாம். முதல் இடத்தையும் கடைசி இடத்தையும் யுனிகோட் எண்ணால் எழுதும்போது ரா ஸ்ட்ரிங்கில் அந்த எண்ணைப் பைதான் எழுத்தாக மாற்றாது. ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷன் பகுதிக்கே 3.3-இலிருந்து அந்த வடிவம் புரியும் என்பதால் கவலையில்லை. இன்னொரு வழி, ரெஜெக்ஸ் என்ற தனித் தொகுப்பை நிறுவிக்கொள்வது. அது ஒட்டுக்குறிகளையும் சொல்லின் பகுதியாக ஏற்கும். உயிர்மெய்யை முழு எழுத்தாக எடுக்கவும் அதில் வழி உண்டு. கல்வெட்டு வேலைக்கு இரண்டாவதையே நான் பரிந்துரைப்பேன். கிரந்த எழுத்து கலந்த பாடங்களுக்கு நாளை போனாலும் அது தாங்கும்.

இதே குறைபாடு நிற விதிகளுக்குள்ளும் புகுந்து வேலை காட்டும் என்பது பலருக்குத் தெரியாது. முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் தமிழ் நிரல்மொழி பைதானில் எழுதப்பட்டது, 2009-இல் அதைப் பற்றி அவர் கட்டுரை வெளியிட்டார். அதில் ஒரு பகுதியை மூட "முடி" என்று எழுத வேண்டும். அந்தச் சொல்லுக்கு நிறம் தீட்ட வழக்கம்போல் இரு பக்கமும் சொல்லெல்லைக் குறியாகப் பேக்ஸ்லாஷ்-பி வைத்து, பைதானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் விதி எழுதினால் என்ன ஆகும்? டகரத்துக்குப் பின்னால் இருக்கும் இகரக் குறி எழுத்தல்ல, அதற்கு அடுத்த இடைவெளியும் எழுத்தல்ல. இரண்டுக்கும் நடுவில் எல்லை இல்லை என்று சொல்லிவிடும், நிறம் விழாது. ஆனால் "முடிவு" என்று மாறிக்குப் பெயர் வைத்திருந்தால், இகரக் குறிக்கும் வகரத்துக்கும் நடுவில் எல்லை இருக்கிறது என்று கருதி, மாறிப் பெயரின் முதல் பாதிக்குக் கட்டளைச் சொல்லின் நிறம் பூசும். வேண்டிய இடத்தில் இல்லை, வேண்டாத இடத்தில் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் நிலைமை இன்னும் மோசம், அங்கே பேக்ஸ்லாஷ்-பி ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு இவற்றைத் தவிர வேறெதையும் எழுத்தாகக் கருதுவதே இல்லை. டெக்ஸ்ட்மேட் நம்பியிருக்கும் ஒனிகுருமா எஞ்சினோ ஒட்டுக்குறிகளையும் சேர்த்துக்கொள்வதால் அங்கே தமிழ் தப்பிக்கிறது. தமிழில் நிரல்மொழி செய்வோரும் தமிழ்ப் பாடங்களை ஆய்வோரும் இதைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஆதங்கம்.

விதியைத் திருத்தி உங்கள் கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். அது எடிட்டரின் அடுத்த பதிப்பில் அழிந்துபோகும், பக்கத்து மேசைக்காரருக்கும் பயன்படாது. விதிக்கோப்பைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்புங்கள். இந்த நகரத்தில் உட்கார்ந்து அதைச் சொல்வதில் எனக்குப் பெருமை உண்டு. இந்தியாவின் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை 2001 ஜூலையில் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கினார்கள், ரிச்சர்ட் ஸ்டால்மன் நேரில் வந்திருந்தார். கேரள அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கட்டற்ற இயங்குதளத்தில்தான் கணினி பழகுகிறார்கள். சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர் மீரா, ரச்சனா எழுத்துருக்களைப் பராமரித்து, மலையாள எழுத்து திரையில் உடைந்து தெரிந்தபோதெல்லாம் மூலநிரலிலேயே போய்த் திருத்தி அனுப்பியிருக்கிறார்கள். மலையாளத்துக்கு அவர்கள் செய்ததைத் தமிழுக்கு நாம் செய்ய எந்தத் தடையும் இல்லை. ஒரு விதிக்கோப்பில் நான்கு வரி என்பது சின்னத் தொடக்கம்தான், ஆனால் அந்த நான்கு வரி நாளைக்கே ஆயிரம் பேர் திரையில் இருக்கும்.

அனுப்பும்போது திருத்தத்தோடு ஒரு சோதனைக் கோப்பும் இருக்கட்டும். அது இல்லாமல் வரும் திருத்தத்தைப் பராமரிப்பாளர் ஏற்கத் தயங்குவார், அதில் நியாயமும் உண்டு. ஒரு விதியைத் தொட்டால் இன்னொன்று கெடும் உலகம் இது. உங்கள் ஆர்'[' முதலில் வரட்டும். அடுத்து ஆர்'\'' என்ற இரண்டெழுத்து ஸ்ட்ரிங். பிறகு ஆர்'(' என்று வட்ட அடைப்புக்குறி திறந்து மூடாதது, ஏனென்றால் சதுரத்துக்குக் காவல் போட்டவர்கள் வட்டத்தை மறந்துவிடுவார்கள். இவற்றை இரட்டை மேற்கோளிலும் மூன்று மேற்கோளிலும் திரும்ப எழுதுங்கள். மூன்று மேற்கோள் ஸ்ட்ரிங்குக்குள் தனி மேற்கோள் ஒன்று வருவதும் இருக்கட்டும், அங்கே உள்விதி அவசரப்பட்டு மூடக் கூடாது. ஆரோடு எஃப் சேர்ந்த ஸ்ட்ரிங்கும் ஒன்று வையுங்கள். 3.12-க்குப் பிறகு அதன் சுருள் அடைப்புக்குறிக்குள் அதே மேற்கோளையே மறுபடி பயன்படுத்தலாம் என்று ஆகிவிட்டது, பழைய விதிகள் பல அங்கே தடுமாறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சாதாரண வரி, எண்ணும் கூட்டலும் உள்ளதாக, கட்டாயம் வேண்டும். ஸ்ட்ரிங்கின் நிறம் வழிகிறதா என்பது அந்த வரியில்தான் தெரியும்.

விஷுவல் ஸ்டுடியோ கோடு கைவசம் இருந்தால், கட்டளைப் பட்டியலில் டோக்கன்களையும் ஸ்கோப்களையும் காட்டும் வசதி ஒன்று இருக்கிறது. கர்சரை ஒரு குறியின் மேல் வைத்தால் எந்த விதி அதைப் பிடித்துவைத்திருக்கிறது என்று வரிசையாகச் சொல்லும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், இரண்டு விதிகளுக்கு ஒரே நிறம் இருக்கலாம். மேஜிக்பைதான் உங்கள் சோதனைக் கோப்பை எப்படிப் பிரிக்கிறது என்று அதில் பார்த்து, உங்கள் எடிட்டர் பிரிப்பதோடு ஒப்பிடுங்கள். விளக்கக் கடிதத்தை ஆங்கிலத்தில் எழுதத் தயக்கம் என்று சொல்லியிருந்தீர்கள். மூன்று வாக்கியம் போதும்: எதைத் தட்டச்சு செய்தேன், எது நடக்க வேண்டும், எது நடந்தது. வரைவை எனக்கு அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். ஊர்ப்பட்டியலை ரெஜெக்ஸ் தொகுப்பில் மறுபடி ஓட்டிய பிறகு வரும் பெயர்களையும் அனுப்பினால் மகிழ்வேன். கரமனை ஆற்றங்கரை ஊர்கள் ஏதாவது அதில் அகப்படுகிறதா என்று பார்க்க ஆவலாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் கரமனை நண்பர்